எடி ராபின்சன்: ஒரே ஊர், ஒரே கல்லூரி, 408 வெற்றி

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் அவ்வப்போது எழுதுகிறவன் நான். எதை எழுதினாலும் கிராம்பிளிங் எடி ராபின்சனை எங்காவது இழுத்து வந்துவிடுவேன். "யாருங்க அவர்?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஆட்டமே தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

கால்பந்து என்றால் மெஸ்ஸி ஆடுகிறாரே, அதுதானே?

அதை அமெரிக்கர்கள் சாக்கர் என்பார்கள். இங்கே பேசப்போவது இரண்டு முனையும் கூராக இருக்கும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். தலைக்கவசம், தோள்கவசம், 100 கஜ மைதானம், பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் இன்னும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தோடு போய்விட்டால் டச் டவுன், 6 புள்ளி. கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஒவ்வொரு தடவையும் நின்று, வரிசை கட்டி, ஒரே மோதல்.

ஒரு சொல்லை மட்டும் இப்போதே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: குவார்ட்டர்பேக். கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுப்பதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்வதும் இவர்தான். அணியின் மூளை என்று சொல்வார்கள். அந்த 'மூளை' என்ற சொல்லால் வந்த வம்பைப் பின்னால் பார்ப்போம்.

யார் இந்த எடி ராபின்சன்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லூசியானா மாநிலத்தில் கிராம்பிளிங் என்ற சிற்றூரில் இருக்கும் கறுப்பினக் கல்லூரியில் 1941 முதல் 1997 வரை கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. அவரிடம் பயின்று தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்கள் 200 பேருக்கு மேல்.

கறுப்பினக் கல்லூரி என்று ஏன் தனியாக ஒன்று?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1960கள் வரை கறுப்பின மாணவர்களை வெள்ளையர் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளி, பேருந்து, உணவகம், குடிதண்ணீர்க் குழாய் எல்லாமே சட்டப்படி இரண்டு இரண்டு. அதனால் அந்த மக்களுக்கென்று எழுந்த கல்லூரிகள் இவை. கிராம்பிளிங் கல்லூரியின் கதை 1901-இல் தொடங்குகிறது. வட லூசியானாவின் கறுப்பின விவசாயிகள் சங்கம் ஒன்று தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனிடம் கேட்டது. அவர் சார்லஸ் ஆடம்ஸ் என்பவரை அனுப்பிவைத்தார். ராபின்சன் சேர்ந்தபோது அதன் பெயர் லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். நாலு கஜம் ஓடி முடிப்பதற்குள் ரசிகர்களால் இந்தப் பெயரைக் கத்தி முடிக்க முடியாது. நல்லவேளையாக 1946-இல் ஊர்ப் பெயரையே கல்லூரிக்கு வைத்துவிட்டார்கள். 1974-இல் பல்கலைக்கழகம் ஆனது.

எப்படிப்பட்ட குடும்பம்?

1919 பிப்ரவரியில் லூசியானாவின் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர், அம்மா வீட்டுவேலை செய்தவர். பிறகு குடும்பம் மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜுக்கு வந்தது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் மெக்கின்லி உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளர் தன் அணியைச் சீருடையோடு இவர் பள்ளிக்கு அழைத்து வந்தார். மற்ற பையன்கள் ஆட்டக்காரர்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இவர் பார்த்தது பயிற்சியாளரை. அந்த ஆள் பேசினால் இத்தனை பெரிய பையன்கள் எல்லாம் வாய் மூடிக் கேட்கிறார்களே என்பதுதான் மனதில் விழுந்தது. அன்றிலிருந்து ஆசை மாறவே இல்லை. மெக்கின்லியில் படித்தார், பக்கத்திலிருந்த லீலண்ட் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடினார். அங்கே பயிற்சியாளராக இருந்த ரூபன் டர்னர் ஒரு பாப்டிஸ்ட் போதகர். ஆட்டத் திட்டங்களைக் காகிதத்தில் வரைந்து புத்தகமாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இவருக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

மாதம் 63 டாலர் 75 சென்ட் சம்பளம் என்பது உண்மையா?

உண்மை. 1941-இல் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்கவில்லை. பேட்டன் ரூஜில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் டோரிஸ் மாட்டைத் திருமணமும் செய்திருந்தார். வடக்கே கிராம்பிளிங்கில் பயிற்சியாளர் வேலை காலி என்று உறவில் யாரோ சொல்ல, போய்ப் பார்த்தார். கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ் இவரைப் பேசிப் பார்த்து அந்தச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். அப்போது ராபின்சனுக்கு வயது 22. அணியில் இருந்த சிலருக்கும் அவருக்கும் பெரிய வயது வித்தியாசம் கிடையாது.

ஜோன்ஸைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1936 முதல் 1977 வரை அவர்தான் கல்லூரித் தலைவர். அதோடு பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளரும் அவரே! கல்லூரித் தலைவரே மைதானத்தில் நிற்கிற ஆள் என்பதால் ராபின்சனுக்கு மேலே இருந்து குடைச்சல் கிடையாது. இத்தனை நீண்ட காலம் ஒரு பயிற்சியாளர் ஒரே இடத்தில் நிலைக்க முடிந்ததற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். இதைப் பேசுகிறவர்கள் குறைவு.

எல்லா வேலையும் அவரே செய்தாராமே?

ஆமாம். தொடக்கத்தில் துணைப் பயிற்சியாளர் கிடையாது, மருத்துவ உதவியாளர் கிடையாது. மைதானத்தில் புல் வெட்டுவதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர். ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதும் அவர். இடைவேளையில் ஆடும் மாணவியர் அணிவகுப்புக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர். ஆட்டம் முடிந்தால் யார் எத்தனை கஜம் ஓடினான் என்று செய்தியாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதும் அவரே. கொஞ்ச காலம் கூடைப்பந்து அணியையும் பார்த்துக்கொண்டார்.

முதல் சீசன் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த ஆண்டு, 1942-இல், 9 ஆட்டம், 9 வெற்றி. எதிரணிகள் அத்தனையும் சேர்ந்து எடுத்த புள்ளி பூஜ்யம். முழு சீசனும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் ஜெயிப்பது இந்த ஆட்டத்தில் எவ்வளவு அரிது என்று புரியவைப்பது கஷ்டம். கிரிக்கெட்டில் சொன்னால், ஒரு சீசன் பூராவும் ஒரு பவுண்டரிகூட அடிக்கவிடாமல் பந்து வீசிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டக்காரர்களோடு பருத்திக்காட்டில் இறங்கினார் என்பது கட்டுக்கதையா?

நடந்ததுதான். 1943, 1944 இரண்டு ஆண்டும் போர் காரணமாகக் கல்லூரி அணி இல்லை. பையன்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். ராபின்சன் அந்தச் சமயம் கிராம்பிளிங் உயர்நிலைப் பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டார். அறுவடைக் காலம் வந்தது. பருத்தி வெடித்து நிற்கிறது, ஆள் இல்லை, ஆட்டமாவது ஒன்றாவது என்று ஒரு தகப்பனார் தன் பிள்ளைகளை அணியிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பருத்தி காத்திருக்காது.

ராபின்சன் அவரிடம் போய் வாதாடவில்லை. மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்கே போனார். எல்லோருமாக இறங்கிப் பருத்தி எடுத்தார்கள். காடு முடிந்தது, பையன்கள் அணிக்குத் திரும்பினார்கள், அணி சாம்பியனும் ஆனது. வாரத்துக்கு உழுதவரின் மகனுக்குப் பருத்திக்காட்டு வேலையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லையே.

சாண்ட்விச் கதை என்ன?

வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்தில் போனால் வழியில் சாப்பிட இடம் கிடைக்காது. சாலையோர உணவகங்களில் 'வெள்ளையர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். முந்நூறு நானூறு மைல் பயணம், பேருந்து நிறைய மலை மாதிரி பையன்கள். அதனால் ராபின்சன் கிளம்பும் முன்பே ரொட்டியும் இறைச்சித் துண்டும் வாங்கி, தானே உட்கார்ந்து சாண்ட்விச் அடுக்கிப் பொட்டலம் கட்டிவிடுவார். நம் ஊரில் ரயில் பயணத்துக்குப் புளியோதரை கட்டுகிறோம், அதில் ஒரு சந்தோஷம் உண்டு. இவர் கட்டியது, கடைக்காரன் உள்ளே விடமாட்டான் என்பதற்காக. பையன்கள் அந்தக் கதவு வரைக்கும் போய் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டாம் என்று பொட்டலத்தை முன்கூட்டியே மடியில் வைத்துவிட்டார்.

பயிற்சியாளராக அவருடைய தனித்தன்மை என்ன?

புது உத்திகளைக் கண்டுபிடித்த மேதை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 'விங்-டி' என்ற ஓட்ட முறை அந்தக் காலத்தில் பலர் ஆடியதுதான். அதையே பிடித்துக்கொண்டு, ஒரே நகர்வை நூறு தடவை ஆடவைப்பார். ஒரு காலடி தப்பாக விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. கற்றுக்கொள்வதிலும் அவருக்குக் கூச்சம் இல்லை. அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்து 1954-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். வருஷா வருஷம் பயிற்சியாளர் மாநாடுகளுக்குப் போய், தன்னைவிட வயதில் சின்னவர்கள் பேசும்போதும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

தனித்தன்மை மைதானத்துக்கு வெளியே இருந்தது. காலை 6.30 மணிக்குக் கையில் ஒரு மாட்டு மணியை எடுத்துக்கொண்டு விடுதி வராந்தாவில் நடப்பார். ஒவ்வொரு கதவாக, கணகணவென்று. வகுப்புக்கு எழுந்திரு! ஞாயிறானால் தேவாலயத்துக்கு எழுந்திரு! வெளியூர் போனால் கோட்டும் டையும் கட்டாயம். முதல் தடவை விமானத்திலோ ஓட்டலிலோ கால்வைக்கப்போகும் கிராமத்துப் பையனுக்கு முள்கரண்டி பிடிக்கவும், பத்திரிகையாளரிடம் பேசவும் சொல்லித்தருவார். உன் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் இந்தப் பையன்தான் என்று நினைத்துக்கொண்டு பயிற்சி கொடு என்று துணைப் பயிற்சியாளர்களிடம் சொல்வாராம். கொஞ்சம் பெரியப்பாத்தனம் உண்டுதான். இன்றைய பையன்கள் எத்தனை பேர் பொறுப்பார்கள் என்பது வேறு கேள்வி.

டாங்க் யங்கர் யார்? அவர் பெயர் ஏன் எப்போதும் முதலில் வருகிறது?

அவர்தான் கதவைத் திறந்தவர். தொழில்முறை லீகான என்எஃப்எல் 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின ஆட்டக்காரரைக்கூட எடுக்கவில்லை. 1946-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் இருவரை எடுத்தது. இருவரும் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பெரிய கல்லூரியில் படித்தவர்கள். கறுப்பினக் கல்லூரி ஆட்டக்காரர்களை அப்போதும் யாரும் மதிக்கவில்லை. அவர்கள் யாரோடு ஆடிப் பழகியிருக்கிறார்கள் என்ற இளக்காரம்.

பால் யங்கர் 1949-இல் ராம்ஸுக்குப் போனார். ராணுவ டாங்கி மாதிரி இடித்துக்கொண்டு போவதால் 'டாங்க்' என்பது பட்டப்பெயர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் லீகின் வருடாந்திரத் தேர்வில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. தனியாகத்தான் ஒப்பந்தம். நீ தோற்றுத் திரும்பினால் அடுத்தவனுக்கு வாய்ப்பு எப்போது வருமோ தெரியாது என்று ராபின்சன் சொல்லி அனுப்பினார். இருபத்தொரு வயதுப் பையன் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் சொன்னது பொய்யில்லை. யங்கர் நிலைத்தார். ராம்ஸ் 1951-இல் சாம்பியன் ஆனபோது அணியில் இருந்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்எஃப்எல்லில் ஆடிய முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு யார் யார்?

பட்டியல் போட்டால் பக்கம் போதாது. பக் புகேனன் 1963-இல், என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீகின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். வில்லி டேவிஸ், புகழ்பெற்ற பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே அணியில் தூண். வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் இரண்டு பேரையும் சேர்த்தால் ஓஹாயோவின் கேன்டனில் இருக்கும் புகழ்க்கூடத்தில் இந்தச் சின்ன ஊர்க் கல்லூரிக்கு நான்கு பேர். எவர்சன் வால்ஸ் என்று ஒருவர்: 1981-இல் எந்த அணியும் தேர்வில் எடுக்கவில்லை. டாலஸ் அணியில் சும்மா முயற்சி செய்து பார்க்கப் போய், முதல் சீசனிலேயே எதிரணி எறிந்த பந்துகளில் 11-ஐ இடைமறித்துப் பிடித்து லீகில் முதலிடம்.

குவார்ட்டர்பேக் வம்பு என்றீர்களே?

ஆமாம். கறுப்பின ஆட்டக்காரர்களை எடுக்க ஆரம்பித்த பிறகும் ஓடவும் இடிக்கவும்தான் எடுத்தார்கள். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவனைக்கூட உள்ளே வந்ததும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது 'யோசிக்கிற' இடமாம். வெளிப்படையாக எழுதி வைக்காத விதி.

ராபின்சன் இதை உடைக்கத் திட்டம் போட்டே வேலை செய்தார். ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற உயரமான பையனைச் சேர்த்து, ஓடவிடாமல், நின்ற இடத்திலிருந்து எறியும் பாணியிலேயே வளர்த்தார். இவனை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று யாருக்கும் சாக்கு கிடைக்கக் கூடாது, அதுதான் கணக்கு. ஹாரிஸை 1969-இல் பஃபலோ அணி எடுத்தது, எட்டாவது சுற்றில்! அந்த ஆண்டு சீசனின் முதல் ஆட்டத்திலேயே இறங்கினார். அதற்கு முன் எந்தக் கறுப்பினக் குவார்ட்டர்பேக்கும் ஒரு சீசனைத் தொடங்கிவைத்ததில்லை.

அடுத்து டக் வில்லியம்ஸ். 1978-இல் டாம்பா பே அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. பத்து ஆண்டு மேடுபள்ளத்துக்குப் பிறகு வாஷிங்டன் அணிக்காக 1988 ஜனவரி 31 அன்று என்எஃப்எல்லின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில், 22-ஆவது முறை நடந்தபோது, இறங்கினார். எதிரே டென்வர். முதல் கால்பகுதி முடிவில் 0-10 என்று பின்தங்கியிருந்தது வாஷிங்டன். இரண்டாவது கால்பகுதியில், வெறும் 15 நிமிட ஆட்ட நேரத்தில், வில்லியம்ஸ் நான்கு டச் டவுன் எறிந்தார். அணி 35 புள்ளி எடுத்தது. முடிவு 42-10. சூப்பர் பவுலில் குவார்ட்டர்பேக்காக இறங்கி ஜெயித்த முதல் கறுப்பினர், ஆட்ட நாயகனும் அவரே. கிராம்பிளிங்கில் ராபின்சனின் மாட்டு மணிக்கு எழுந்த பையன்.

இந்தச் சின்ன ஊர்க் கல்லூரி நாடு முழுக்கப் பேர் வாங்கியது எப்படி?

மூன்று பேரைச் சொல்லலாம். ராபின்சன் ஒருவர், தலைவர் ஜோன்ஸ் ஒருவர், மூன்றாவது காலி நிக்கல்சன். முன்னாள் மரைன் படை நிருபர். 1948-இலிருந்து கல்லூரியின் செய்தித் தொடர்பாளர். கறுப்பினப் பத்திரிகைகள் நாடு முழுக்க எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் வாராவாரம் கிராம்பிளிங் செய்தி போய்ச் சேரும். பெரிய பத்திரிகை போடவில்லையா, பரவாயில்லை, படிக்க வேண்டியவர்கள் படித்துவிட்டார்கள்.

பிறகு, உள்ளூர் மைதானம் சின்னது, நாம் பெரிய ஊர்களுக்குப் போவோம் என்று கிளம்பினார்கள். 1968-இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் மார்கன் ஸ்டேட்டோடு ஆட்டம். 60,000 பேருக்கு மேல் கூட்டம். கிராம்பிளிங் 7-9 என்று தோற்றது, ஆனால் பேர் கிடைத்தது. 1974-இலிருந்து சதர்ன் பல்கலைக்கழகத்தோடு நியூ ஆர்லியன்ஸில் 'பாயூ கிளாசிக்' என்ற வருடாந்திர ஆட்டம். 1976-இல் டோக்கியோவுக்கே போய் ஆடினார்கள். கூடவே இசைக்குழு. 1967-இன் முதல் சூப்பர் பவுலில் இடைவேளையில் வாசித்த குழுக்களில் கிராம்பிளிங்கும் ஒன்று. பாதிக் கூட்டம் ஆட்டத்துக்கு வரும், பாதி இசைக்கு வரும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

408 என்பது உலக சாதனையா?

எந்தக் கணக்கில் என்று கேட்க வேண்டும். 1985 அக்டோபர் 5 அன்று டாலஸின் காட்டன் பவுல் மைதானத்தில் பிரெய்ரி வியூ அணியை 27-7 என்று வென்றார். அது 324-ஆவது வெற்றி. அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் வைத்திருந்த 323-ஐத் தாண்டினார். அப்போது வயது 66. 1995-இல் 400 தொட்டார், அதற்கு முன் யாரும் தொட்டதில்லை. பிற்பாடு சின்னக் கல்லூரிப் பிரிவில் ஜான் கேகலியார்டி 489 வரை போனார். மேல்பிரிவில் பென் ஸ்டேட்டின் ஜோ பெட்டர்னோ 409. அவரிடமிருந்து ஒரு வழக்கை ஒட்டிப் பறிக்கப்பட்ட வெற்றிகள் 2015-இல் திரும்பக் கொடுக்கப்பட்டதால் ஒன்று கூடிவிட்டது. ராபின்சனிடம் கேட்டிருந்தால், அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே வேலை, ஒரே மனைவி, அதுதான் என் சாதனை என்பார். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மோதிய அணிகள் எல்லாம் வலுவற்றவை என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்வேன். பெரிய வெள்ளையர் அணிகளோடு மோத அவர் மறுத்தாரா? மோத விட்டார்களா? 1956-இல் லூசியானா சட்டமன்றம் வெள்ளையரும் கறுப்பினரும் சேர்ந்து விளையாடக் கூடாது என்று சட்டமே போட்டது. 1959-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது செல்லாமல் போனது. சட்டம் போன பிறகும் வழக்கம் போகவில்லை. மோதவே விடாமல் வைத்திருந்துவிட்டு, 'யாரோடு ஆடினார்?' என்று கேட்பது என்ன நியாயம்? எதிரணிகளிலும் ஆள் இருந்தார்கள். ஃபுளோரிடா ஏ அண்ட் எம்மின் ஜேக் கெய்தர் 203 ஆட்டம் ஜெயித்தவர். அந்தக் கல்லூரிகளிலிருந்து தொழில்முறைக்குப் போனவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே ஆட்டத்தின் தரம் தெரிந்துவிடும்.

உரிமைப் போராட்டங்களில் அவர் ஏன் முன்னால் நிற்கவில்லை?

இது நேர்மையான கேள்வி. 1960களில் அவர் ஊர்வலம் போகவில்லை, மேடையில் முழங்கவில்லை. அமெரிக்கா நல்ல நாடு, உழைத்தால் வழி விடும் என்றே பேசினார். இளைஞர்கள் பலருக்கு அது எரிச்சல். 1967-இல் கிராம்பிளிங் மாணவர்களே, கல்லூரியில் விளையாட்டுக்குத்தான் மரியாதை, படிப்புக்கு இல்லை என்று போராடினார்கள். தேசியக் காவல்படை வரை வந்தது. மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் என் கட்சி. ராபின்சன் தன் வேலை மைதானத்தில் என்று ஒதுங்கினார். ஹாரிஸை வளர்த்ததும் ஒரு போராட்டம்தான் என்று வாதிடலாம். நானும் அப்படி வாதிட்டிருக்கிறேன். வெளியேற்றப்பட்ட மாணவனிடம் அந்த வாதம் எடுபடுமா என்பது சந்தேகம்.

பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை அழைக்கவில்லையா?

மேல்பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று முதன்முதலாகக் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரை வைத்தது 1979-இல், விச்சிட்டா ஸ்டேட்டில், வில்லி ஜெஃப்ரிஸ். அப்போது ராபின்சனுக்கு 60 வயது. நவீன என்எஃப்எல் 1989 வரை காத்திருந்து ஆர்ட் ஷெல்லை நியமித்தது. தேதிகளே பதில்.

பிறகு ஏன் கிராம்பிளிங் பழைய மாதிரி ஜெயிக்கவில்லை?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்ததும் வலிப்பதும் இந்த இடம்தான். 1970 செப்டம்பரில் தெற்குக் கலிஃபோர்னியா அணி பர்மிங்ஹாமுக்கு வந்து அலபாமாவை 42-21 என்று அடித்தது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின ஆட்டக்காரர் அன்று அலபாமாவின் தடுப்பைக் கிழித்தார். இனி வெள்ளையர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது என்று தென்மாநில ரசிகனுக்கும் உறைத்தது. சில ஆண்டுகளில் எல்லாப் பெரிய கல்லூரிகளும் கறுப்பின ஆட்டக்காரர்களைத் தேடி ஓடின. பெரிய மைதானம், தொலைக்காட்சி, பணம். லூசியானா கிராமத்தில் இருக்கும் திறமையான பையன் வீட்டு வாசலுக்கு இப்போது பத்து பேர் வந்து நின்றார்கள். முன்பு ராபின்சன் ஒருவர்தான் வந்திருந்தார்.

அவர் விரும்பிய மாற்றம்தான் இது. யங்கரை அனுப்பியதும் ஹாரிஸை வளர்த்ததும் இதற்குத்தான். கதவு திறந்ததும் முதலில் காலியானது அவர் வீடு. என்றாலும் உடனே விழவில்லை. 1960 முதல் 1986 வரை ஒரு சீசன்கூடத் தோல்வி மிகுந்ததாக இல்லை. அந்த 27 ஆண்டில் பாதிக்கு மேல் கதவு திறந்த பிறகு வந்தவை. 17 லீக் பட்டம், 9 தேசியக் கறுப்பினக் கல்லூரிப் பட்டம், கடைசியானது 1992-இல்.

கடைசிக் காலம் எப்படி?

சந்தோஷமாக முடியவில்லை. 1996-இல் 3 வெற்றி, 8 தோல்வி. போதும், இறங்குங்கள் என்று பழைய மாணவர்களே முணுமுணுத்தார்கள். 55 வருஷம் கட்டியவரை இப்படியா அனுப்புவது என்று வெளியே எதிர்ப்பு கிளம்ப, இன்னும் ஒரு ஆண்டு கொடுத்தார்கள். 1997-உம் 3-8 தான். கடைசி ஆட்டம் பாயூ கிளாசிக், சதர்னிடம் 7-30 தோல்வி. அவருக்குப் பதிலாக வந்தவர் டக் வில்லியம்ஸ். 2000, 2001, 2002 மூன்று ஆண்டும் லீக் பட்டம் வென்று தந்தார்.

ஓய்வுக்குப் பின் அல்சைமர் நோய் வந்தது. அத்தனை ஆட்டத் திட்டங்களையும் அத்தனை பையன்களின் பெயர்களையும் ஞாபகம் வைத்திருந்தவர். 2007 ஏப்ரல் 3 அன்று பக்கத்து ஊரான ரஸ்டனில் காலமானார், வயது 88. உடலைப் பேட்டன் ரூஜில் மாநிலத் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தில் மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். தீவன மூட்டை தூக்கிய அதே ஊர்.

கிராம்பிளிங் போனால் என்ன பார்க்கலாம்?

பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது, 2010-இல் திறந்தது. மைதானத்துக்கும் அவர் பெயர்தான். ஊர் லூசியானாவின் வடக்கே, ஷ்ரீவ்போர்ட்டுக்கும் மன்ரோவுக்கும் நடுவே, 20-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி. டாலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் காரிலேயே போய்விடலாம். முடிந்தால் இலையுதிர் காலத்தில், உள்ளூர் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். இடைவேளையில் கழிவறைக்கு எழுந்துவிடாதீர்கள், இசைக்குழு அப்போதுதான் உள்ளே வரும்.